ஒடிந்த வில்லும் ஓடும் வண்டியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

வில்லை ஒடித்தவனுக்கு மணமாலை கிடைத்ததாகக் காவியம் கூறுகிறது. ஆனால் இன்றைய சாலைகளில் காரின் வில் ஒடிந்தால் மாலை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அது மணமாலையாக இராது! 'ஸ்பிரிங்' என்று நாம் அன்றாடம் வழங்கும் பொருளுக்கு நம் பாடநூல்கள் சுருள்வில் என்று பெயர் சூட்டியிருப்பது மிகப் பொருத்தமானதே. லாரிப் பட்டறைகளில் வழங்கும் 'கமான் பட்டை' என்ற சொல்லிலும் வில்தான் இருக்கிறது. கமான் என்றால் பாரசீகத்திலும் இந்தியிலும் வில் என்றே பொருள். அம்பு எய்யும் வில் தான் சேர்த்த ஆற்றலை ஒரே நொடியில் கொட்டிவிடுகிறது. வண்டியின் வில்லோ மேட்டிலும் பள்ளத்திலும் ஆற்றலை வாங்கி வாங்கித் திருப்பித் தருகிறது. வேறுபாடு அவ்வளவே.

விடுமுறை நாட்களில் என் தாய்மாமன் நடத்தும் கார் பட்டறையில் நான் கைவேலை பார்ப்பது வழக்கம். அங்கு வில் ஒடிந்த வண்டியுடன் வருவோர் அனைவரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒடிஞ்சா என்னண்ணே, வண்டிதான் ஓடுதே?" என்பதே அது. இக்கேள்விக்கு நாம் வகுப்பில் படித்த இயற்பியலைக் கொண்டே விடை காண முடியும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வில்லின் வகைகள்

இங்கிலாந்து நாட்டு ஓபதையா எலியட் என்பவர் 1804ஆம் ஆண்டில் குதிரை வண்டிகளுக்கான நீள்வட்டப் பட்டை வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளே இவ்வில். இதன் பாதி வடிவமே இன்றும் லாரிகளிலும் பேருந்துகளிலும் காணப்படுகிறது. 2014ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் தயாரிக்கப்பட்ட அம்பாசிடர் காரின் பின்புறத்திலும், பத்மினி காரின் பின்புறத்திலும் இருந்தவை இப்பட்டை வில்களே. பத்மினியின் முன்புறம் சுருள்வில் கொண்டது. அம்பாசிடரின் முன்புறத்திலோ நெடுங்காலம் முறுக்குத் தண்டு என்னும் நேரான எஃகுத் தண்டு இருந்தது.

1983இல் வெளிவந்த மாருதி 800 காரின் முன்புறத்தில் 'ஸ்ட்ரட்' என்ற அமைப்பு வந்தது. அதிர்வு தாங்கியாகிய ஷாக் அப்சார்பரும், அதனைச் சுற்றிய சுருள்வில்லும் ஒரே தூணாக நிற்பதே ஸ்ட்ரட். இன்று நம் தெருக்களில் ஓடும் சிறு கார்கள் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள் இவ்வாறே அமைந்துள்ளன. எனவே இவ்வகை வில்லையே நாம் சிறப்பாக ஆராய்வோம்.

அழுந்துவது வில், முறுகுவது கம்பி

ராபர்ட் ஹூக் தம் மீட்சி விதியை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராகவே முதலில் வெளியிட்டார். புதிரை அவரே அவிழ்த்துக் காட்டியது 1678இல்தான். நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற அவ்விதியை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் சுருள்வில்லை அழுத்தும்போது அதன் கம்பிக்கு என்ன நேர்கிறது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சுருள் குறுகுகிறது, ஆனால் கம்பி குறுகுவதில்லை. கம்பி தன் அச்சைச் சுற்றி முறுகுகிறது! நம் ஆய்வகத்தில் முறுக்கு ஊசலைத் தொங்கவிட்டு விறைப்புக் குணகம் காண்கிறோம் அல்லவா? அந்த ஊசலின் கம்பியையே சுருட்டி வைத்தால் அதுதான் சுருள்வில். ஆகையால்தான் வில் மாறிலிக்கான வாய்பாட்டில் யங் குணகம் வருவதில்லை. விறைப்புக் குணகம் வருகிறது.

அவ்வாய்பாடு வருமாறு: விறைப்புக் குணகத்தைக் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கால் பெருக்க வேண்டும். அதனை, சுற்றின் சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கு, சுற்றுகளின் எண்ணிக்கை, 8 ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும்.

கணக்கிற்காக ஒரு வில்லை எடுத்துக்கொள்வோம். கம்பியின் விட்டம் 12 மி.மீ.; சுற்றின் விட்டம் 120 மி.மீ.; வேலை செய்யும் சுற்றுகள் 5; எஃகின் விறைப்புக் குணகம் சதுர மி.மீட்டருக்கு 80,000 நியூட்டன். கணக்கிட்டால் வில் மாறிலி மி.மீட்டருக்கு 24 நியூட்டன் என வரும். இவ்வில்லின் மீது 3,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 300 கிலோ எடை அமர்ந்தால் அது 125 மி.மீ. அழுந்தும். அப்போது கம்பியின் புறப்பரப்பில் தோன்றும் முறுக்குத் தகைவு சதுர மி.மீட்டருக்கு 530 நியூட்டன். சுற்றின் உட்புறத்தில் இது இன்னும் சற்று மிகும். வண்டி நிற்கும்போதே இந்நிலை என்றால், பள்ளத்தில் விழுந்து எழும்போது என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஏன் ஒடிகிறது?

'ஒரே ஒரு பள்ளம், அதில் ஒடிந்துவிட்டது' என்று வண்டிக்காரர்கள் கூறுவார்கள். உண்மையில் அப்பள்ளம் கடைசிப் பள்ளமே தவிரக் காரணப் பள்ளம் அன்று. தாங்கக்கூடிய அளவுக்குக் குறைந்த தகைவேயாயினும், அது பல இலட்சம் முறை மாறி மாறி வருமானால் உலோகம் ஒடியும். இதனை உலோகச் சோர்வு என்கிறோம். ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புகைவண்டி அச்சுகளை மீண்டும் மீண்டும் சுமையேற்றி இவ்வுண்மையை முறையாக ஆராய்ந்தார்.

சோர்வு தொடங்குவதற்கு ஒரு வாயில் வேண்டும். சாலையில் தெறிக்கும் கற்கள் வில்லின் வண்ணப்பூச்சைப் பெயர்த்துவிடுகின்றன. வில்லின் அடிச்சுற்று அமரும் கிண்ணத்தில் சேறும் மணலும் தேங்குகின்றன. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. பூச்சு போன இடத்தில் துரு புகுந்து ஊசிமுனையளவு குழி ஒன்றைத் தோண்டுகிறது. அக்குழியின் அடியில் தகைவு குவிந்து, விரிசல் பிறந்து, நாளுக்கு நாள் வளர்கிறது. பெரும்பாலான வில்கள் அடிச்சுற்றை ஒட்டியே ஒடிவதன் காரணம் இதுவே.

துரு கம்பியை மெலியச் செய்வதன் விளைவையும் கணக்கிடலாம். தகைவு கம்பி விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் உள்ளது. 12 மி.மீ. கம்பி ஓரிடத்தில் 11 மி.மீ. ஆகிவிட்டால் அங்குத் தகைவு 30 விழுக்காடு உயர்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் தானே என்று அலட்சியமாகக் கூற முடியுமா?

சாக்பீஸ் கற்பிக்கும் பாடம்

வகுப்பறையில் இருக்கும் சாக்பீஸ் ஒன்றை எடுத்து, இரு முனைகளையும் பிடித்து, வளைக்காமல் முறுக்குங்கள். அது நேர்க்குறுக்காக ஒடியாது. ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில், திருகுபோன்ற பரப்பாக ஒடியும். முறுக்கத்தின்போது மிகப்பெரிய இழுவிசைத் தகைவு அச்சுக்கு 45 பாகைக் கோணத்தில் தோன்றுவதும், சாக்பீஸ் இழுவையைத் தாங்காத பொருளாயிருப்பதுமே இதற்குக் காரணம். கடினமாக்கப்பட்ட வில் எஃகும் பெரும்பாலும் இதேபோல் சாய்வாகவே ஒடிகிறது.

பட்டறையில் ஒடிந்த துண்டை முதன்முதல் கையில் எடுத்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது சாக்பீஸ்தான். முறிந்த முகத்தின் ஓரத்தில் பழுப்பேறிய சிறு பகுதி. அது முன்னரே விரிசல் கண்டு துருவேறிய இடம். எஞ்சிய பகுதி வெள்ளிபோல் பளபளத்தது; அது கடைசி நொடியில் ஒடிந்த இடம். துண்டின் முனையோ உளிபோல் கூர்மையாக இருந்தது. 45 பாகைச் சாய்வு நமக்குத் தேர்வில் மதிப்பெண் தருவது. சாலையில் அதுவே டயரைக் கிழிக்கும் உளியாகிறது. ஸ்ட்ரட் அமைப்பில் வில்லின் கிண்ணம் டயருக்கு மிக அருகில் இருப்பதை நினைவிற் கொள்க.

ஒடிந்தால் தொளதொளக்குமா?

வில் ஒடிந்தால் வண்டி தொளதொளவென்று ஆகும் எனப் பலர் எண்ணுகின்றனர். கணக்கு வேறுவிதமாகக் கூறுகிறது. ஒரு வில்லை இரண்டாக வெட்டினால் ஒவ்வொரு பாதியின் மாறிலியும் இருமடங்காகும் என்பது நாம் அறிந்ததே. நம் எடுத்துக்காட்டு வில்லில் ஒரு சுற்று ஒடிந்து பயனற்றுப் போனதாகக் கொள்வோம். சுற்றுகள் 5லிருந்து 4 ஆகும். மாறிலி 24லிருந்து 30 ஆகும். வில் மென்மையாவதற்கு மாறாகக் கடினமாகிறது!

ஆனால் உயரம் குறைகிறது. சுமையற்ற நிலையில் சுற்றுக்குச் சுற்று இடைவெளி 55 மி.மீ. என்றால் முழு வில்லின் நீளம் 275 மி.மீ.; சுமையில் 125 மி.மீ. அழுந்தி 150 மி.மீட்டராக நிற்கும். ஒடிந்த வில்லின் நீளம் 220 மி.மீ.; அதே சுமையில் 100 மி.மீ. அழுந்தி 120 மி.மீட்டராக நிற்கும். ஆக வண்டியின் அம்மூலை 30 மி.மீ. இறங்கும். அந்த அளவு அழுந்துவதற்கான இடமும் குறையும். பள்ளத்தில் வண்டி விரைவிலேயே ரப்பர்த் தடையில் மோதும்.

எனவே ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியவை இவை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளவு நாடாவால் இருபுறமும் அளந்து ஒப்பிட வேண்டும். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போது 'டங்' என்று கம்பி சுண்டும் ஓசை கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். கடைசியாக, டார்ச் விளக்கை அடித்து அடிச்சுற்றைப் பார்க்க வேண்டும். பேட்டையிலும் வீட்டு வாசலிலும் ஐந்து நிமிடத்தில் முடியும் சோதனை இது.

வழியில் ஒடிந்தால்

இங்கு இரு வகை வில்களுக்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. ஸ்ட்ரட் வண்டியில் சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்துவைப்பது லோயர் ஆர்ம். வில் சுமையை மட்டுமே தாங்குகிறது. எனவே வில் ஒடிந்தவுடன் சக்கரம் விலகிப் போவதில்லை. முனை டயரையும் பிரேக் குழாயையும் தொடாமல் கிண்ணத்திற்குள்ளேயே இருக்குமானால், ஆட்களை இறக்கிவிட்டு, மிக மெதுவாக அருகிலுள்ள பட்டறை வரை செல்லலாம். முனை வெளியே வந்திருந்தால் ஓரடியும் ஓட்டலாகாது. வேறு வண்டியில் ஏற்றியே கொண்டுசெல்ல வேண்டும்.

பட்டை வில்லில் நிலைமை வேறு. அங்குச் சுமை தாங்குவதும் பின் அச்சைப் பிடித்துவைப்பதும் ஒரே பட்டைகள்தாம். அடுக்கின் கீழே உள்ள சிறு பட்டை ஒடிந்தால் சுமையை இறக்கிவிட்டு மெதுவாகப் போய்ச்சேரலாம். ஆனால் இரு முனைகளிலும் வளையம் கொண்ட மெயின் பட்டை, அச்சுக்கு முன்புறம் ஒடிந்துவிட்டால், அந்தப் பக்கத்து அச்சு பின்னோக்கி நழுவும். வண்டி நண்டுபோல் சாய்ந்து ஓடும். கட்டையைச் செருகிச் சங்கிலியால் கட்டி ஓட்டுவதைப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. மெயின் பட்டை ஒடிந்த வண்டியில் அப்பெருமை உயிருக்கு விலை பேசுவதாகும்.

சென்ற ஆண்டு மாமாவின் பட்டறைக்கு ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் வந்தார். காரின் இடது முன்வில் ஒடிந்திருந்தது. மறுநாள் விடியற்காலை ஒரு குடும்பத்தைப் பழனிக்கு அழைத்துச் செல்ல முன்பணம் வாங்கியிருந்தார். அப்பணத்தை மகளின் பள்ளிக் கட்டணமாகக் கட்டியும் விட்டார். "இந்த ஒரு ட்ரிப் மட்டும் போயிட்டு வந்துடுறேண்ணே. வந்ததும் மாத்திடலாம்" என்று கெஞ்சினார். மாமா விவாதிக்கவில்லை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லி, விளக்கை என் கையில் கொடுத்து, "விரலை வச்சுப் பார் தம்பி" என்று ஓட்டுநரிடம் கூறினார். ஒடிந்த முனைக்கும் டயருக்கும் இடையில் அவருடைய சுண்டுவிரல்கூட நுழையவில்லை. டயரின் பக்கச்சுவரில் ஏற்கெனவே ஒரு கோடு விழுந்திருந்தது.

அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு வேறொரு ஓட்டுநரைத் தொலைபேசியில் அழைத்து அப்பயணத்தை அவருக்கு மாற்றிக் கொடுத்தார். முன்பணத்தைத் தவணையாகத் தருவதாக ஏற்றுக்கொண்டார். ஏழை ஒருவர் ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்று நான் நேரில் கண்டேன். 'பாதுகாப்பே முக்கியம்' என்று எழுதுவது நமக்கு எளிது. அதன் விலையைக் கையிலிருந்து கொடுப்பவர் வேறொருவர் என்பதை மறத்தல் கூடாது.

மாற்றும் முறையும் மறைந்திருக்கும் ஆபத்தும்

ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து கழற்றிய பின்னும் வில் அதற்குள் அழுந்தியபடியேதான் இருக்கும். அதனை விடுவிக்க மேலும் அழுத்த வேண்டும். நம் எடுத்துக்காட்டு வில் மொத்தம் 80 மி.மீ. அழுந்திய நிலையில் 1,920 நியூட்டன் விசையுடன் தள்ளிக்கொண்டிருக்கும். அதில் சேர்ந்துள்ள ஆற்றல் ஏறத்தாழ 77 ஜூல். இவ்வாற்றல் முழுவதும் ஒரு கிலோ எடையுள்ள மேல்தட்டுக்குச் சென்றால், அது மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் பாயும். குனிந்திருப்பவர் முகத்தில் அது பட்டால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டறைகளில் இவ்வேலையைப் பெரும்பாலும் வயது குறைந்த உதவியாளர்களிடம் விடுகின்றனர் என்பதை எண்ணும்போது மனம் பதறுகிறது.

ஆகவே பின்பற்ற வேண்டிய விதிகளைத் தொகுத்துத் தருகிறேன்.

1. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் கை வைக்கலாகாது. இருப்பு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும்.

2. வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவியைப் பூட்டி, வில் கிண்ணத்தில் தளர்ந்து சுழலும் வரை மேல் நட்டைத் தொடலாகாது. கயிறும் கட்டுக்கம்பியும் இக்கருவிக்கு மாற்றாகா.

3. இரு கொக்கிகளும் நேரெதிரில் அமைய வேண்டும். திருகுகளை மாற்றி மாற்றிச் சமமாக, கையாலேயே முறுக்க வேண்டும். ஒடிந்த வில் ஒருபுறம் சாய்ந்திருப்பதால் கொக்கி நழுவும் வாய்ப்பு மிகுதி.

4. வில்லின் அச்சுக்கு நேராக முகமோ மார்போ இருத்தல் கூடாது.

5. ஒடிந்த வில்லை வெல்டிங் செய்யலாகாது. கடினப்படுத்திப் பதப்படுத்திய எஃகின் பதம் அவ்வெப்பத்தில் கெட்டுவிடும். பற்றவைத்த இடத்தின் அருகிலேயே அது மீண்டும் ஒடியும்.

6. ஒரு பக்கம் ஒடிந்தாலும் அதே அச்சின் இரு வில்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மறுபக்கத்து வில்லும் அதே சாலையில் அதே ஆண்டுகள் உழைத்ததுதானே! மேலும் இருபுறமும் உயரம் சமமாக இருந்தால்தான் வண்டி ஒருபுறம் சாயாது.

7. மேல்தட்டின் பேரிங், ரப்பர்த் தடை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். தானாகப் பூட்டிக்கொள்ளும் நட்டுகளைப் புதிதாகவே போட வேண்டும். வேலை முடிந்தபின் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

இறங்கிய வண்டியை உயர்த்துவதற்காகச் சுற்றுகளின் இடையே ரப்பர்த் துண்டைச் செருகும் பழக்கம் ஒன்று உண்டு. ரப்பர் பிடித்த சுற்று வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. சுற்றுகள் குறைந்தால் மாறிலி கூடும் என்று முன்னரே கண்டோம். மாறிலி கூடினால், அதே பள்ளத்தில் எஞ்சிய சுற்றுகளின் மேல் விழும் விசையும் தகைவும் கூடும். உயரம் கிடைக்கும், ஆயுள் குறையும். இதனைப் பட்டறையில் கணக்குப் போட்டுக் காட்டியபோது மாமா, "இத்தனை வருஷமா பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதை நீ ஒரு தாள்ல எழுதிட்டியே" என்றார். அனுபவமும் வாய்பாடும் ஒரே விடையைக் கூறக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

முடிவுரை

ஒடிந்த வில்லுடன் வண்டி ஓடுவது உண்மையே. டயருக்கும் முனைக்கும் இடையே எஞ்சியுள்ள அந்தச் சிறு இடைவெளி உள்ளவரையில்தான் அது ஓடும். அவ்விடைவெளி இவ்வளவு என்று ஓட்டுபவரோ உள்ளே அமர்ந்திருப்பவரோ அறிய மாட்டார். "ஓடுதே" என்ற சொல்லுக்கு நாம் கூறக்கூடிய விடை இதுதான்.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டில் தந்தையோ அண்ணனோ வண்டி ஓட்டிப் பிழைப்பவர். வாய்பாடுகளைத் தேர்வுத் தாளில் எழுதிவிட்டு மறந்துவிடாமல், இவ்விடுமுறையில் ஒரு நாள் அளவு நாடாவும் டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு அவ்வண்டிகளின் நான்கு மூலைகளையும் பாருங்கள். எதுவும் ஒடியவில்லை என்றால் மகிழ்ச்சி. ஒடிந்திருந்தால், அன்றைய பயணத்தை நிறுத்தச் சொல்லும் துணிவும், அதனால் வரும் இழப்பில் பங்கேற்கும் மனமும் நமக்கு வேண்டும்.